பழகின கை

இன்று மத்தியானம் நீதிமன்றத்தில் உன் கத்தியை என்னிடம் திருப்பித் தந்தார்கள். மண்ணிறக் கடித உறைக்குள் போட்டு, ஒரு துண்டில் இலக்கம் எழுதி, நூலால் கட்டியிருந்தார்கள். வழக்குக்குத் தேவையில்லாத பொருளாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு நீட்டினார்கள். இப்போது அது என் மேசையில் கிடக்கிறது. அதே மரப்பிடி, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற அதே கத்தி. விரித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இத்தனை மாதம் பொலிஸ் அலுமாரிக்குள் கிடந்தும் அந்த நாசமாய்ப்போன சீஸ் மணம் போகவில்லை. குசினிக்குள் நின்ற என் மனுசி பாக்கியம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கத்தியைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

நீ போய்ப் பதினாலு மாதம். இன்றைக்குத்தான் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் சொல்லவேண்டிய ஒன்று நாற்பது வருடமாக என் வயிற்றுக்குள் கிடக்கிறது. உனக்கு நேரே சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. சொல்லாமல் உன் பாணைத் தின்றுவிட்டு வந்தேன், வெட்கம் கெட்டவன்.

பிரான்சிலிருந்து நீ திரும்பி வந்த ஏழு வருடமும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒழுங்குதான். நீ சேர்ச்சுக்குப் போய்விட்டு வருவாய். நான் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து உன் கேற்றடியில் சைக்கிளைச் சாத்துவேன். வட்டுக்கோட்டையில் நாங்கள் படித்த கல்லூரியின் மணி உன் விறாந்தைக்குக் கேட்கும். மேசையில் நீயே போறணையில் சுட்ட நீளப் பாண் இருக்கும். பாரிசிலிருந்து வந்த யாரோ பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சீஸ் இருக்கும். உன் ரெலிபோனில் அமெரிக்கச் செய்தி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். முப்பது வருடம் பாரிசில் உணவுக்கடைக் குசினியில் நின்ற நீ, பிரெஞ்சு அரசியல் பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டாய். அது அரசியல் இல்லை, ஊர்வலம் என்பாய். வாய் திறந்தால் அமெரிக்காதான்.

உன் பேச்சு எனக்குப் பாடம். "அரசாங்கம் எண்டது காவல் நாய். வாசலிலை கட்டி வைக்கோணும். குசினிக்குள்ளை விட்டால் சட்டியை நக்கும்." வரி குறைய வேண்டும், குடும்பம் நிலைக்க வேண்டும், சேர்ச் நிறைய வேண்டும், கள்ளனுக்குத் தண்டனை கடுமையாக வேண்டும், வீட்டுக்கு வீடு துவக்கு வேண்டும். நான் பழைய இடதுசாரி. என்னைச் சூடேற்றுவதற்கென்றே நீ இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாய் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நீ உண்மையாகவே நம்பினாய். உன் பூட்டனுக்கு எழுத்தும் மருந்தும் கொண்டுவந்தவன் அமெரிக்க மிஷன்காரன் என்று தொடங்குவாய். அங்கே உன் யானைச் சின்னக் கட்சி தோற்ற அன்று நீ சோறு தின்னவில்லை. பாக்கியம் அதைக் கொழும்பிலுள்ள யானைச் சின்னக் கட்சி என்று நினைத்துக்கொண்டு, "அதுகள் வெண்டால் என்ன, தோத்தால் என்ன அண்ணை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தட்டை நீட்டினாள்.

எல்லையை மூட வேண்டும் என்று நீ சொல்கிறபோது மட்டும் என்னால் பொறுக்க ஏலாது. மொஸ்கோவுக்கு விமானமேறி, அங்கிருந்து காடு கடந்து, மரக்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் லொறிக்குள் குந்தியிருந்து போய்ச் சேர்ந்த அகதி நீ. அதைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சமும் கூசமாட்டாய். நான் கஷ்டப்பட்டுப் போனேன், கஷ்டப்படாமல் ஒருவரும் வரக்கூடாது என்பாய். இதற்கு மேல் என்ன கதைக்கிறது? சீஸை வெட்டித் தா என்பேன். அந்தச் சீஸைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனால், பாக்கியம் என்னைக் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்லுவாள்.

"பிரான்ஸ் என்ரை நாக்குக்கு. அமெரிக்கா என்ரை மூளைக்கு" என்று ஒரு நாள் சொன்னாய்.

"அப்ப யாழ்ப்பாணம்?"

"அது என்ரை முதுகுக்கு. அடி வாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். துவக்குக் கதை வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். ஒரு முறை நான் விடாமல் கேட்டேன், பள்ளிக்கூடத்துக்குள் பூந்து பிள்ளைகளைச் சுடுகிறார்களே, அதற்கு உன் கட்சி என்ன சொல்லுகிறது என்று. நீ ரெலிபோனை நிறுத்தினாய். பாண் துகள்களை ஒரு விரலால் கூட்டிச் சேர்த்தாய். "வெறும் அலுமாரியைத் திறந்த மனுசன்ரை மகன் நான். என்னட்டை உதைக் கேளாதை" என்றாய். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க உரிமையும் இல்லை. ஏன் இல்லை என்பதை இனிச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வெடுத்த உன் அப்பா, அனுமதிப்பத்திரத்தோடு ஓர் இரட்டைக்குழல் துவக்கு வைத்திருந்தார். மாரி காலத்தில் அராலிக் கரையில் வந்து இறங்குகிற வாத்துகளைச் சுடப் போவார். சின்ன வயதில் நீயும் நானும் சேற்றை உழக்கிக்கொண்டு பின்னால் போவோம். விழுந்த வாத்தை எடுத்துவருவது உங்கள் நாயின் வேலை, உரிப்பது எங்கள் வேலை. அந்த நாட்களில்தான் இயக்கப் பொடியள் ஊர் ஊராக வந்து வீடுகளில் இருந்த துவக்குகளைச் சேர்த்தார்கள். எந்த வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குள் ஓர் ஆள் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆள் நான். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நாட்டுக்கு ஏதோ பெரிய காரியம் செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் பொழுதுபடுகிற நேரம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒழுங்கை முடக்கில், கிளுவை வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்தப் பச்சைக் கேற்" என்று வலக்கையை நீட்டினேன். உள்ளே போனவர்கள் முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். உன் அப்பா துவக்கைக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஒருவன் அதைப் பறித்து, அதன் பிடியாலேயே அவர் வாயில் இடித்தான். மரம் எலும்பில் படுகிற சத்தம் எனக்கு ஒழுங்கையில் கேட்டது. வேலி இடைவெளியால் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் படிப்பித்த மனிதர் முற்றத்து மண்ணில் முழங்காலில் இருந்து இரத்தமும் பல்லுமாகத் துப்பிக்கொண்டிருந்தார். உங்கள் நாய் குரைத்துக்கொண்டு வேலிப் பக்கம் ஓடிவந்தது. கிட்ட வந்ததும் என் மணம் பிடித்து நின்றுவிட்டது. என் கையால் எத்தனையோ மீன்தலை தின்ற நாய். வேலியைப் பார்த்து வாலை ஆட்டத் தொடங்கியது. போ, போ என்று கிசுகிசுத்தேன். அது போகவில்லை. நான்தான் ஓடினேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு காலைநேரம் உன் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். எந்தத் தரப்பு என்று நீ ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் எழுதப் போவதில்லை. உன் அம்மா கண்டதை மட்டும் எழுதுகிறேன். பெயர் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்ததைக் கண்ட உன் அப்பா அறைக்குள் ஓடி அலுமாரியைத் திறந்தார். துவக்கு போய் இரண்டு வருடமென்று அவருக்குத் தெரியும், அவர் கைக்குத் தெரியவில்லை. வெறும் அலுமாரிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு நின்றவரைப் பின்னாலிருந்து சுட்டார்கள். மூன்று வெடி. அலுமாரிக்குள்ளேயே முகம் கவிழ விழுந்தார்.

மறுநாள் நீ கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாய். அந்த அறையை நீயும் நானும்தான் கழுவினோம். நான் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிவந்து ஊற்றினேன். நீ விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளினாய். தண்ணீர் தெளிய வெகுநேரம் பிடித்தது. அலுமாரிக் கதவில் தலைமயிரும் தோலும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதை நீ உன் நகத்தால் சுரண்டினாய். நான் முற்றத்துக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். நீ பின்னால் வந்து என் முதுகைத் தடவிவிட்டாய். நீ, என் முதுகை. அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாளிக்குப் போனேன்.

பிறகு நீ பிரான்சுக்குப் போனாய். நான் அரசாங்க உத்தியோகம், கலியாணம், இடப்பெயர்வு, திரும்பி வரவு என்று இங்கேயே கிடந்தேன். உன் மகளின் கலியாணத்துக்கு என்னை அழைத்து, அது முடிந்ததும் உன் பழைய காரில் ஏற்றி ஒரு கிழமை நாடு முழுக்கச் சுற்றிக் காட்டினாய். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் சேர்ச், பிறகு சந்தை, பிறகு சாப்பாடு. நிறக் கண்ணாடி யன்னலால் விழுந்த வெயிலில் உன் உள்ளங்கையை நீட்டி, சிவப்பும் நீலமும் அதில் அசைவதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஆற்றங்கரைக் கோட்டைகளைக் காட்டி எந்த அரசன் எந்தப் பெண்ணுக்குக் கட்டினான் என்று சொன்னாய். உள்ளி போட்டு நத்தை கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் மழைக்கு வருகிற சனியனை இங்கே தட்டில் வைத்துக் கும்பிடுகிறார்களே என்றேன். நீ என் பங்கையும் சேர்த்துத் தின்றாய். ஒரு ஞாயிற்றுச் சந்தையில்தான் இந்தக் கத்தியை வாங்கினாய். பிடியை மூன்று தரம் மணந்து பார்த்தாய்.

கடைசி நாள் நோர்மண்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனாய். கடலைப் பார்த்த மேட்டில், புல்லுக்கு மேலே, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைச் சிலுவைகள். எல்லாம் உலகப் போரில் விழுந்த அமெரிக்கப் பொடியள். நீ தொப்பியைக் கழற்றினாய். உன் பிரான்சும் உன் அமெரிக்காவும் ஒரே இடத்தில் கிடந்தன, நீ அழுதாய். இருபது வயதில் கடலால் வந்து இந்த மணலில் விழுந்தார்கள், துவக்கோடு வந்தபடியால்தான் இந்த நாட்டுக்காரர் இன்றைக்கு ஆறுதலாகச் சீஸ் தின்கிறார்கள் என்றாய். பிறகு கடலைப் பார்த்தபடியே கேட்டாய்.

"அப்பாவின்ரை துவக்கை ஆர் காட்டிக்குடுத்தது எண்டு நீ எப்பவாவது கேள்விப்பட்டனியே?"

"இல்லை" என்றேன்.

நீ தலையாட்டினாய். புல்லில் குந்தி, புதுக்கத்தியை விரித்து, பாணை வெட்டிச் சீஸ் வைத்து எனக்கு முதல் துண்டைத் தந்தாய். நான் தின்றேன்.

அதற்குப் பிறகு உன் மனைவி அங்கே நோய்ப்பட்டுப் போனா. மகளும் மருமகனும் அமெரிக்காவில் ரெக்சாசுக்குக் குடிபோனார்கள். நீ மூன்று மாதம் அங்கே நின்றுவிட்டு ஊருக்கு வந்து என்னிடம் சொன்ன முதல் செய்தி அந்த நாட்டின் அழகு அல்ல. மருமகனின் அறை அலுமாரியில் இரண்டு துவக்கு இருக்கிறதாம். "நிறைஞ்ச அலுமாரி மச்சான். நான் திறந்து திறந்து பார்த்தனான்" என்றாய். உன் அரசியல் முழுவதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது புத்தகத்திலிருந்தும் வரவில்லை, ரெலிபோனிலிருந்தும் வரவில்லை. நான் காட்டிய பச்சைக் கேற்றுக்குள்ளிருந்து வந்தது. நான் உன்னோடு வாதாடிய ஒவ்வொரு ஞாயிறும் என்னோடுதான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஞாயிறு. அன்று உனக்குக் குசும்பு. பாரிசிலிருந்து வந்த பெட்டிக்குள் பிரெஞ்சுக் கிழவர்கள் போடுகிற தட்டையான கம்பளித் தொப்பி ஒன்று இருந்தது. அதை என் தலையில் கவிழ்த்து, இன்றைக்கு நீதான் பிரான்ஸ்காரன், போய் வரியைக் கட்டு என்றாய். உன் தலையில் மகள் அனுப்பிய, அமெரிக்கக் கொடி போட்ட தொப்பி. பட்டப்பகல் பதினொரு மணி. நீ பாணை அரைவாசி வெட்டியிருந்தாய். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் இரைந்தது. கேற்றை உதைத்துக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்தார்கள். முகத்தில் கறுப்புத் துணி, கையில் வாள். இரும்புத் தகட்டை அடித்துத் தீட்டிய வாள்கள். முதல் அடியில் யன்னல் கண்ணாடி போனது. இரண்டாவதில் உன் மனைவியின் படம். ஒருவன் என் சேட்டைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். வாள் நுனி என் தொண்டைக் குழியில் குத்தியது. சூடாக ஏதோ நெஞ்சில் ஒழுகியது.

"நீதானே பிரான்ஸ்காரன்?"

என் வலக்கை எழும்பியது. அது தானாக எழும்பியது என்று சொல்ல ஆசை. நான்தான் எழுப்பினேன். உன்னைக் காட்டினேன். "நானில்லை, அவன்" என்றேன்.

நீ என் கையைப் பார்த்தாய். உன் கையில் கத்தி இருந்தது. அறுபது வயதைத் தாண்டினாலும் ஆட்டுத் துடையை ஒரே இழுவையில் பிரிக்கிற குசினிக்காரன் நீ. வீட்டைக் காக்காதவன் ஆம்பிளையா என்று ஏழு வருடமாக எனக்குப் பிரசங்கம் வைத்தவன் நீ. ஒருவனையாவது கிழித்திருக்கலாம். நீ கத்தியைப் பாணுக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"ஓம் தம்பி, நான்தான் பிரான்ஸ்காரன். அந்தாளை விடுங்கோ."

முதல் வெட்டு தோளில் விழுந்தது. விறகு பிளக்கிற சத்தம். நீ கையைத் தூக்கினாய், இரண்டாவது முழங்கைக்குக் கீழே விழுந்து கை தோலில் தொங்கியது. மூன்றாவது தலையில், தொப்பியோடு சேர்த்து. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. மேசைக்குக் கீழே புகுந்துவிட்டேன். மேசை விளிம்பால் உன் இரத்தம் என் முதுகில் ஒழுகியது. வெட்டியவன் ஒருவன் அந்த இரத்தத்தில் வழுக்கி விழுந்தான். முகத்துணி கழன்றது. அவன் முகமும் என் முகமும் நிலத்தோடு நேருக்கு நேர். இருபது வயது இருக்கும். இடப் புருவத்தில் ஒரு பழைய தழும்பு. அவனுக்கும் மூச்சு வாங்கியது. எழும்பி ஓடிவிட்டான். எல்லாம் சேர்த்து ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட இல்லை.

ஆள் மாறி வெட்டியிருக்கிறார்கள். மூன்றாம் ஒழுங்கையில் ஒரு காணிச் சண்டை. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கூலிக்கு ஆள் பிடித்து, பிரான்ஸ்காரன் வீடு என்று மட்டும் ரெலிபோனில் சொல்லியிருக்கிறார். எங்கள் பகுதியில் பிரான்ஸ்காரன் வீடு மூன்று இருக்கிறது. வந்தவர்கள் சந்தியில் விசாரித்திருக்கிறார்கள். யாரோ கையை நீட்டி உன் ஒழுங்கையைக் காட்டியிருக்கிறார். வழி கேட்டால் காட்டுவதுதானே எங்கள் ஊர்ப் பழக்கம். அவர்கள் தேடிவந்த அந்த மற்றப் பிரான்ஸ்காரர் உன் செத்த வீட்டுக்கு வந்தார், பெரிய மலர்வளையத்தோடு.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் உன்னை ஏற்றினோம். உன் தலை என் மடியில். அவர் மனுசி தந்த சீலையால் சுற்றினேன், அது நிமிடத்தில் நனைந்தது. நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய். நல்ல கையால் என் வலக்கையைத் தேடிப் பிடித்தாய். மன்னிச்சுக்கொள் மச்சான், பயத்திலை கை எழும்பிப்போச்சு என்று நான் அழுதேன். உன் வாயோரம் கொஞ்சம் கோணியது. நீ என்னைச் சூடேற்றும்போது வருகிற அதே கோணல்.

"பழகின கைதானே மச்சான்" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. குனிந்தேன்.

"நாய் வேலியைப் பார்த்து வாலாட்டினது எண்டு அப்பா அப்பவே சொன்னவர்."

மானிப்பாய் தாண்ட உன் பிடி தளர்ந்தது.

ஆக, அறை கழுவுகிறபோதே உனக்குத் தெரியும். சத்தி எடுத்த என் முதுகைத் தடவியபோதும் தெரியும். நோர்மண்டியில் நீ கேட்டது தெரிந்துகொள்வதற்காக அல்ல, நான் சொல்வதற்கு ஓர் இடம் விட்டாய். நான் இல்லை என்றேன், நீ பாண் தந்தாய். மன்னித்துத்தான் தந்தாயா, அல்லது இவன் எத்தனை பாணுக்குப் பிறகு வாய் திறப்பான் என்று பார்த்துக்கொண்டு தந்தாயா? இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்காது. உன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது. நாற்பது வருடம் பிடித்துவைத்திருந்துவிட்டு ஓட்டோவுக்குள் வைத்துத்தானா சொல்லவேண்டும்? திருப்பி ஒரு சொல் சொல்ல எனக்கு நேரம் விட்டாயா?

செத்த வீட்டில் போதகர் பேசினார். சிநேகிதனுக்காக உயிரைக் கொடுத்தவர் என்றார். சனம் என்னைப் பார்த்து அழுதது. நான் பொலிசுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன், நீயாக முன்வந்து நான்தான் என்று சொன்னதாக. அதற்கு ஒரு நொடி முந்தி எழும்பிய கையைப் பற்றி நான் சொல்லவில்லை. உன் மகள் அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு எனக்கு ரெலிபோன் எடுக்கிறாள். அவளுக்கு அங்கே சனி இரவு. "மாமா, அப்பாவிலை மிச்சம் எண்டு எனக்கு நீங்கள்தான் இருக்கிறியள்" என்கிறாள். பாக்கியம் வாங்கிவைத்த மருந்தைக் குடித்தேனா என்று கேட்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த எட்டு மணிக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழும்புகிறேன்.

நீ சொன்னது சரியா என்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு உன் அலுமாரியில் துவக்கு இருந்திருந்தால்? நீ இருந்திருப்பாய் என்பாய். அந்தப் புருவத் தழும்புப் பொடியன் செத்திருப்பான் என்று நான் சொல்லுவேன். முந்தியென்றால் அதோடு உன்னை மடக்கிவிட்டேன் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைக்க ஏலவில்லை. கையில் கத்தியோடு நின்ற நீ ஏன் அதை வைத்தாய் என்பதற்கு உன் கட்சியிலும் பதில் இல்லை, என் கட்சியிலும் இல்லை.

இன்று காலை கூண்டில் ஏறும்போது வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழிதான் நினைவுக்கு வந்தது. எதிரிக் கூண்டில் நாலு பேர் நின்றார்கள். இவர்களில் நீங்கள் முகம் கண்டவர் யார், காட்டுங்கள் என்றார்கள். மூன்றாம் தரமும் இந்தக் கையை நீட்டினேன். புருவத் தழும்புக்காரன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தான். பின்வரிசை வாங்கிலிருந்து அவன் தாய் ஓவென்று கத்தினாள். பொலிஸ்காரி அவளை வெளியே கொண்டுபோனாள். கை கீழே இறங்க மறுத்தது. மற்றக் கையால் பிடித்து இறக்கினேன். அப்போது, கேட்காமலே சொன்னேன்.

"ஐயா, இவனைக் காட்ட முதல் நான் இன்னொரு ஆளையும் காட்டினனான்."

வழக்கறிஞர் துள்ளி எழும்பினார், இன்னொரு எதிரி இருக்கிறானென்று நினைத்துவிட்டார். யாரை என்று நீதவான் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். வெட்ட வந்தவர்களுக்கு உன்னைக் காட்டியது நான் என்றேன். அதற்கும் முந்தி உன் வீட்டையும் நான்தான் காட்டினேன், உன் அப்பாவின் துவக்கு போனது என்னால்தான் என்று தொடங்கினேன். பச்சைக் கேற் என்றேன், நாய் என்றேன். நீதவான் இளம் பெண். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா.

"பெரியவர், அது இந்த வழக்குக்குத் தேவையில்லாத விசயம். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ."

தட்டச்சுக்காரர் அதுவரை காத்திருந்தார். ஒரு வரியும் அடிக்கவில்லை. நாற்பது வருடத்துப் பாரத்தை நான் கொண்டுபோய் வைத்தேன், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து எழுதுவினைஞர் இந்த உறையைக் கொண்டுவந்து தந்தார். இதுவும் வழக்குக்குத் தேவையில்லையாம். இரண்டையும் சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே எடுக்காததை உன் மகளிடம்தான் கொடுக்க வேண்டும். இதை எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பப் போகிறேன். பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன். அவள் அனுப்புங்கோ என்றாள். நாளை மறுநாள் ஞாயிறு. எட்டு மணிக்கு ரெலிபோன் அடிக்குமோ தெரியாது. அடிக்காவிட்டால் அவளில் பிழை இல்லை. பதினொரு மணிக்கு உன் கத்தியை விரித்துப் பாண் வெட்டுவேன், உனக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு. வெட்டுவதற்கு எனக்கு இந்தக் கைதான் இருக்கிறது.